ஓரகத்தியின் ரெண்டு வருஷம்

"எத்தன வருஷம்மா படிக்கணும்?"

மாமா, அதாவது எங்க மாமனாரு, கேட்டது என்னைய இல்ல. எங்கிட்ட அவர் கேக்குறதெல்லாம் "மல்லி வரத்து எப்படி", "வேன் கெளம்பிருச்சா" இந்த ரகந்தான். அன்னைக்கு மத்தியானம் அவர் கேட்டது என் ஓரகத்திய, அதாவது எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டிய. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முழுசா ஒரு வருஷங்கூட ஆகல. புருஷன் சிங்கப்பூர்ல. மாமாவுக்கு எதுத்தாப்புல சேர் போட்டு உக்காந்து, ரசஞ்சோத்த வெரல் நுனியால அள்ளிக்கிட்டே பதில் சொல்றா. நான் கரண்டியும் கையுமா நிக்கிறேன்.

"ரெண்டு வருஷம் மாமா. ஃபுல்டைம் எம்பிஏ. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்லயே தங்கிப் படிக்கணும்."

"அம்புட்டுத் தூரமா?"

"முடிச்சிட்டு வந்து நம்ம பூக்கடைய நானே எடுத்துப் பாக்குறேன் மாமா. எங்கயோ கொண்டு போயிரலாம்."

மாமாவுக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. "ரெண்டு வருஷந்தானே. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிரும். அதுவரைக்கும் பெரியவ பாத்துக்கட்டும்."

பெரியவ நான்தான். அதுவரைக்கும் பாத்துக்கட்டுமாம்! கடையென்ன பஸ்ஸுல துண்டு போட்டுப் புடிச்ச சீட்டா, அவ வந்து உக்கார்ற வரைக்கும் நான் காவல் இருக்க? ரசச் சட்டிய ணங்குன்னு கீழ வச்சேன். யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. எங்க வீட்டுக்காரர் மட்டும் அப்பளத்தக் கேட்டாரு.

கடை எதுன்னு சொல்லிர்றேன். கீரமங்கலத்துல மாமா ஆரம்பிச்ச பூ கமிஷன் கடை. சுத்துப்பட்டு ஊர்ல வெள்ளன பறிச்ச பூவையெல்லாம் டூவீலர்லயும் டவுன் பஸ்லயும் கொண்டாந்து எறக்குவாங்க. மல்லி, முல்லை, காக்கரட்டான், சம்பங்கி, செண்டிப்பூ. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் யாவாரிங்க வந்து நிப்பாங்க. எடை போட்டு, ஏலங்கூறி, வித்துக் குடுக்குறது நம்ம வேலை. தொண்டையில சத்தம் இருக்கணும், கண்ணு எட்டுத் தெசையும் பாக்கணும். யாரு வெரல அசைச்சான், யாரு மூக்கச் சொறிஞ்சான்னு வித்தியாசம் தெரியணும். கொஞ்சம் அசந்தாலும் பூ வாடிப்போயிரும், வெலையும் சேந்து வாடிரும்.

மாமாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்ப, கொஞ்ச நாளைக்கு சத்தம் போட்டுப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சத்தம் போடாம எப்படி ஏலங்கூறுறது? எங்க வீட்டுக்காரருக்கு வாயத் தெறந்தா காத்துதான் வரும். வேன் ஓட்டச் சொன்னா ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டுவாரு, நாலு பேரு முன்னாடி ஒரு வெலையக் கூறச் சொன்னா எச்சில முழுங்குவாரு. அதனால நான் போயி நின்னேன். மொத நாளு யாவாரிங்க சிரிச்சாங்க. "என்னப்பா, சமையக்கட்டுலேருந்து சத்தம் வருது"ன்னான் ஒருத்தன். அவனுக்கு அன்னைக்கு ஒரு முழம் பூவும் கெடைக்கவிடல நான். மறுநாள் "அக்கா"ன்னு கூப்புட்டான். அப்படியே ஆறு வருஷம் ஓடிருச்சு. மாமாவுக்கு ஒடம்பு தேறுச்சு, தொண்டை தேறுச்சு, ஆனா விடியக் காலம்பற எந்திரிக்கிற பழக்கம் மட்டும் போயிருச்சு. பத்து மணிக்கு மேல வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு வருவாரு. நான் வித்து முடிச்ச எடத்துல நின்னு யாவாரிங்களோட டீ குடிப்பாரு.

இதுல கூத்து என்னன்னா, நானும் எம்பிஏதான். சொன்னா நம்புறதுக்கு ஆளில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் தபால்ல கட்டுனேன். ஞாயித்துக்கெழம புதுக்கோட்டையில கிளாஸ். மக வயித்துல இருந்தா, பொறந்தா, பல்லு மொளைச்சா, அதுக்கெல்லாம் நடுவுல பரீட்ச எழுதுனேன். ரெண்டு வருஷப் படிப்புதான் அதுவும். நான் முடிக்க அஞ்சு வருஷமாச்சு. சர்ட்டிபிகேட் வந்தப்ப எங்க அத்த கையெழுத்துப் போட்டு வாங்கி, கேஸ் புக்குக்கு அடியில ஃப்ரிட்ஜு மேல வச்சிருந்தாங்க. ஒரு வாரங் கழிச்சு தூசி தட்டுறப்ப நானாத்தான் பாத்தேன். அதுக்கு யாரும் எத்தன வருஷம்னு கேக்கல.

சரி, ரெண்டு வருஷம்னா நெசமாவே ரெண்டு வருஷந்தானான்னு எனக்கு ஒரு நப்பாசை. அன்னைக்கு சாயங்காலம் அவ துணி மடிச்சிக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல போயி உக்காந்தேன். வாயில சக்கரையத் தடவிக்கிட்டுத்தான் கேட்டேன்.

"ஏம்மா, எம்பிஏன்னா எல்லா எடத்துலயும் ரெண்டு வருஷந்தானா?"

"ஃபுல்டைம்னா ரெண்டு வருஷம்க்கா. நாலு செமஸ்டர். நடுவுல ரெண்டு மாசம் ஏதாவது கம்பெனியில ட்ரெயினிங் போகணும்."

"மூணு வருஷம் இல்லையா?"

"அது வேலைக்குப் போய்க்கிட்டே சாயங்காலம் படிக்கிறவங்களுக்குக்கா. ஒரே வருஷத்துல முடிக்கிறதும் இருக்கு. அதுக்கு நாலஞ்சு வருஷம் வேலை பாத்த அனுபவம் வேணும், எனக்கு இல்ல."

நல்லவேளை, அனுபவம் இல்லன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். "பெயிலாயிட்டா?"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. "பயமுறுத்தாதீங்கக்கா. பேப்பர் நின்னுபோச்சுன்னா திரும்ப எழுதணும், இழுத்துரும்." எம்புட்டு இழுக்கும்னு கேக்க நாக்கு துடிச்சுச்சு. அடக்கிக்கிட்டேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டு, "இந்த வீட்டுலயே என் படிப்பப் பத்தி இம்புட்டு அக்கறையாக் கேட்டது நீங்க மட்டுந்தான்"னா. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. அடிப்பாவி, நான் கேட்டது எனக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்குன்னு.

படிச்ச திமிரு, பணக்காரத் திமிரு எதுவும் அவகிட்ட கெடையாது, அதையும் சொல்லிரணும். இருந்திருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும், திட்டித் தீத்திருப்பேன். நல்ல புள்ளையா வேற இருந்து தொலைச்சா.

இந்தக் கதையில அத்தைக்கு ஒரு பங்கு இருக்கு. சீட்டு கெடைக்கிறதுக்கு முன்னாடி வெயிட்டிங் லிஸ்டுல இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. அத்த நேரா எங்க ஊரு அம்மன் கோயிலுக்குப் போயி, சின்ன மருமகளுக்கு சீட்டு கெடைச்சா, அந்தப் படிப்புக்காக எங்க வீட்டுலேருந்து மூணு வருஷம் மது எடுக்குறோம்னு நேந்துக்கிட்டு வந்துட்டாங்க. மதுன்னதும் வேற எதையும் நெனைக்க வேண்டாம். குடத்துல நெல்ல நெரப்பி, மேல தென்னம்பாளைய விரிச்சுச் சொருவி, பூவச் சுத்தி, பொம்பளைங்க தலையில வச்சு கோயிலுக்குக் கொண்டு போறது. எங்க பக்கத்து ஊர்கள்ல அதுதான் பெரிய திருவிழா. எங்களுக்கு ஆவணியில வரும்.

"படிப்பே ரெண்டு வருஷந்தானே அத்த, எதுக்கு மூணு?"ன்னு கேட்டேன்.

"நேத்திக்கடன ரெட்டப்படையில யாராச்சும் நேருவாங்களாடி?"

சரின்னு விட்டேன். ஆனா பாருங்க, அவ ஹாஸ்டலுக்குப் போயி நாலஞ்சு வாரத்துல ஆவணி வந்துருச்சு. மது எடுக்கிறவங்க காப்புக் கட்டிக்கணும். காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாது. கோயம்புத்தூர்ல கிளாஸுல உக்காந்திருக்கிறவளுக்கு எப்புடிக் காப்புக் கட்டுறது? அத்த ஒரு நிமிஷங்கூட யோசிக்கல. "பெரியவ எடுக்கட்டும்"னுட்டாங்க. கடை நான் பாக்கணும், அவ வர்ற வரைக்கும். குடம் நான் எடுக்கணும், அவ படிப்பு நல்லபடியா முடியணும்னு. என் தலையில என்ன பலகையா அடிச்சு வச்சிருக்கு, எல்லாத்தையும் தூக்கி வைக்க?

விக்காம நின்னுபோன செண்டிப்பூவ வச்சு ஏனோதானோன்னு குடத்தச் சுத்திரலாம்னு நெனச்சேன். மனசு வரல. ஊருக்கே தெரியும் நாங்க பூக்கடைக்காரங்கன்னு. மத்தவ குடம் நம்ம குடத்த விட ஒரு சுத்து அழகா இருந்தா அதையும் தாங்க முடியாது எனக்கு. நல்ல மல்லியா, மொட்டு விரியாததாப் பொறுக்கி நெருக்கக் கட்டுனேன். வரிசையில எங்குடந்தான் தூக்கலா இருந்துச்சு. எல்லாப் பொம்பளையும் அவங்கவங்க புள்ளைக்கு, புருஷனுக்குன்னு வேண்டிக்கிட்டு நடக்குறாங்க. நான் வேண்டுனது இதுதான்: "தாயே, அவ ஒரு பேப்பர்லயாவது நிக்கணும். ரெண்டு வருஷம் மூணாகணும். முடிஞ்சா நாலாகணும்."

பக்கத்துல வந்த எதுத்த வீட்டு அக்கா, "ஓரகத்தி படிப்புக்காகக் குடம் எடுக்குறியே, இந்த மனசு யாருக்குடி வரும்?"னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. பக்தியில அழுவுறேன்னு ஒரு குலவையப் போட்டாங்க.

அம்மன் காதுல விழல போல. மொத செமஸ்டர்ல அவ கிளாஸுல ரெண்டாவதா வந்தா.

அதுக்கப்புறம் வீட்டுல நடந்த அலப்பறைய என்னன்னு சொல்ல. வாரா வாரம் வீடியோ கால். கோட்டு சூட்டு மாதிரி கறுப்புக் கோட்டு ஒண்ணு போட்டுக்கிட்டு, ஒரு திரைக்கு முன்னாடி கைய நீட்டிப் பேசுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புனா. அத்த அத தெருவுல இருக்கிற எல்லார்கிட்டயும் காட்டுனாங்க. "பாரு, எங்க சின்னது எம்புட்டுப் பேருக்கு முன்னால நின்னு பேசுது!" நானுந்தான் தெனமும் நிக்கிறேன் நாப்பது பேரு முன்னால. நானுந்தான் கைய நீட்டிப் பேசுறேன். எனக்குக் கோட்டு இல்ல, சேலைக்கு மேல எங்க வீட்டுக்காரர் பழைய சட்ட. அத யாரு போட்டோ எடுக்குறா?

ராத்திரி படுக்கையில எங்க வீட்டுக்காரர்கிட்ட பொருமுனேன். "ஏங்க, ஒரு நாளாச்சும் ஒங்கப்பாகிட்ட சொல்லியிருக்கீங்களா, கடை பெரியவளுக்குத்தான்னு?" அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, "இப்ப என்ன, நீதானே பாக்குற"ன்னாரு. இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு இது ஒரு பதிலு. பாக்குறவளுக்கும் வச்சிருக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் அவங்களுக்குத் தெரியாதா, தெரியாத மாதிரி இருக்காங்களான்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல.

பூ யாவாரத்துல வருஷம் ஓடுறது முகூர்த்தத்துல தெரியும். ஆடி படுத்துரும், ஆவணி எந்திரிக்கும், மார்கழியில கல்யாணம் இருக்காது, தையில மூச்சு விட நேரமிருக்காது. ஒவ்வொரு தை பொறக்கிறப்பவும் எனக்கு சந்தோஷம் வரணும். அந்தத் தையில வரல. அவளுக்கு ஒரு செமஸ்டர் கழிஞ்சுருச்சு, எனக்கும் கழிஞ்சுருச்சுன்னுதான் இருந்துச்சு. அவ படிப்பு நடுவுல வர்ற அந்த ரெண்டு மாச ட்ரெயினிங்குக்கு எங்க நம்ம கடைக்கே வந்து உக்காந்துருவாளோன்னு சித்திரை பூரா எனக்குத் தூக்கமில்ல. அவ புனேவுல ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் போயிட்டா. அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே, நான் திருச்சியத் தாண்டுனதில்ல, இவளுக்குப் புனேயான்னு பத்திக்கிட்டு வந்துச்சு. வந்தாலும் எரியுது, வரலேன்னாலும் எரியுது. நானென்ன மனுஷியா அடுப்பான்னு எனக்கே சந்தேகம்.

ரெண்டாவது வருஷம் மாமா கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்ட ஆரம்பிச்சாரு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுத்துற நாற்காலி. "சின்னது வந்தா கம்ப்யூட்டர் வச்சு உக்கார எடம் வேணும்ல. அது என்ன உன்னய மாதிரி ஈரச் சாக்குல நின்னுக்கிட்டா இருக்கும்?" அவர் இதச் சொன்னது கேலியா இல்ல, சாதாரணமாத்தான். எனக்கு அதுதான் வலிச்சுச்சு. ரூம் வேலையப் பாத்துக்கிட்டது யாருங்கிறீங்க? நான்தான். கொத்தனாருக்கு டீ வாங்கிக் குடுத்து, சுவரு நேரா வருதான்னு பாத்து, டைல்ஸ் கலர் காட்டி, எல்லாம் நான்தான். நாற்காலி வந்த அன்னைக்கு யாரும் இல்லாதப்ப ஒரு தடவ உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கால ஊனி ஒரு சுத்து சுத்துனேன். அப்புறம் ப்ளாஸ்டிக் கவரத் திரும்ப மாட்டி வச்சிட்டேன்.

ரெண்டாவது ஆவணியிலயும் குடம் எடுத்தேன். இந்தத் தடவ பெயிலாகணும்னு வேண்டல. வேண்டி என்ன பிரயோஜனம், வேண்டுனா ரெண்டாவதா வர்றா. "என்னமோ பண்ணு, எங்கிட்டேருந்து எடுக்காத"ன்னு மட்டும் சொன்னேன்.

ரெண்டு வருஷம்னு சொன்னாங்களே தவிர, முழுசா ரெண்டு வருஷங்கூட இல்ல. ஆனியில ஆரம்பிச்சது பங்குனியிலயே முடிஞ்சுபோச்சு. பரீட்ச முடிஞ்சு அவ வீட்டுக்கு வந்தப்ப அத்த ஆரத்தி எடுத்தாங்க. நான் கைய பெசஞ்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் காலையில கடைக்கு வருவா, நான் கூறுற எடத்துல நிப்பான்னு நெனச்சுக்கிட்டே படுத்தேன். விடிஞ்சதும் எல்லா யாவாரிகிட்டயும் எரிஞ்சு விழுந்தேன்.

அவ கடைக்கு வரல. மத்தியானம் சாப்புட உக்காந்தப்ப மாமாகிட்ட சொன்னா. பெங்களூர்ல ஒரு பெரிய கம்பெனியில வேலை கெடைச்சிருக்காம். காலேஜுலயே வந்து எடுத்துக்கிட்டாங்களாம். புருஷனும் சிங்கப்பூர விட்டுட்டு அங்கிட்டே வந்துர்றானாம், பேசி முடிச்சிட்டாங்களாம். "கடைய அக்கா நல்லாத்தானே மாமா பாக்குறாங்க. அவங்களே இருக்கட்டும்"னா.

மாமா மோர் கேட்டாரு. ஊத்துனேன். சந்தோஷமா இருக்கேன்னுதான் நெனச்சேன். ஜெயிச்சிட்டேன்ல! அவ கெளம்பிப் போன மறுநாள் மாமா கடைக்கு வந்தாரு. பூவெல்லாம் வித்து முடிச்சு, நான் தண்ணி தெளிச்சுக் கூட்டிக்கிட்டு இருந்தேன்.

"அது வரலையாம்மா. நீயே பாத்துக்க. அந்த ரூம்புலயும் நீயே உக்காந்துக்க. சும்மாதானே கெடக்கு."

சும்மாதானே கெடக்கு! ரெண்டு வருஷமா அடக்கி வச்சதெல்லாம் தொண்டைக்கு வந்துருச்சு. வெளக்கமாத்தக் கீழ போட்டேன்.

"மாமா, அது எனக்குன்னு கட்டியிருந்தீங்கன்னா உக்காந்திருப்பேன். அவ வேண்டாம்னு போட்டதுலயா நான் உக்காரணும்?"

மாமா ஆடிப் போயிட்டாரு. நெசமாவே அவருக்குப் புரியல. "நீ எப்பம்மா கேட்ட? சின்னது வந்து ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள வாயத் தெறந்து கேட்டுச்சு, கடைய நான் பாக்குறேன்னு. நீ கேக்கவே இல்லையே."

"ஆறு வருஷம், இப்ப எட்டு வருஷம், கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து கத்துறேனே, அது கேக்குறது இல்லையா மாமா? சரி, இப்பக் கேக்குறேன். கடை எனக்கு வேணும். எம் பேருக்கு மாத்துங்க."

மாமா தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒதறுனாரு. யாவாரி ஒருத்தன் டீக்கடையிலேருந்து கூப்புட்டான். "பேரு எதுக்கும்மா, நீதானே பாக்குற. ஆகட்டும், பாப்போம்"னு சொல்லிட்டுக் கெளம்பிப் போயிட்டாரு. அவ கேட்டப்ப ரூம் கட்டுனாரு, நான் கேட்டப்ப டீ குடிக்கப் போறாரு.

மூணாவது ஆவணி வந்துச்சு. படிப்பு முடிஞ்சுருச்சு, ஆனா நேத்திக்கடன்ல ஒரு வருஷம் பாக்கி. பெங்களூர்ல லீவு இல்லியாம். "கடேசி வருஷம்டி, நீயே எடுத்துரு"ன்னாங்க அத்த. எடுத்தேன். என்னமோ அந்த வருஷம் வெயிலு மண்டையப் பொளந்துச்சு. கொட்டுக்காரங்க முன்னாடி அடிச்சுக்கிட்டுப் போறாங்க, பாளையெல்லாம் வரிசையா ஆடிக்கிட்டுப் போவுது. எனக்குப் பின்னால ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டே வந்தாங்க.

"சின்னவளுக்குப் பெங்களூர்ல பெரிய வேலையாம். கடை வேண்டாம்னுருச்சாம்."

"பாவம் அந்த மனுஷன். வேற வழியில்லாம பெரியவ கையில விட்டுட்டாரு."

வேற வழியில்லாமயா? எனக்குக் காதுக்குள்ள கொய்ங்குது. கோயில் வாசலுக்கு வந்துட்டோம். அங்கன ஊர்ப் பெரியவங்களோட இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு மாமா நிக்கிறாரு. அவரப் பாத்ததும் என்ன ஆச்சுன்னு தெரியல. கால ஊனி நின்னுட்டேன். ஏலங்கூறுற தொண்டை, கேக்கவா வேணும்?

"கடை எனக்கு வேணும்!"

கொட்டு நின்னுபோச்சு. அடுத்த நொடி ரெண்டு மடங்கா அடிச்சாங்க. நாலு பக்கமும் குலவை. கோவத்துல எனக்கு ஒடம்பு தடதடன்னு ஆடுது, பாளை ஆடுது, கண்ணுலேருந்து தண்ணி. "சாமி வந்துருச்சு! பெரியவளுக்கு சாமி வந்துருச்சு!"ன்னு யாரோ கத்துனாங்க. ரெண்டு பொம்பளைங்க வந்து என் இடுப்பப் புடிச்சாங்க. பூசாரி துன்னூத்தட்டத்த எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு.

"என்ன கொறை தாயி? வாய் விட்டுக் கேளு!"

"எனக்கு ஒண்ணும் வரல. நான் நல்லாத்தான் இருக்கேன். கேக்குறது நான்!"

"சரி தாயி, சரி, கேளு"ன்னு நெத்தியில ஒரு கைப்புடி துன்னூற அப்புனாரு. சாமி வந்தவ எவ வந்துருச்சுன்னு ஒத்துக்கிட்டிருக்கா? நான் சொல்லச் சொல்ல அவங்களுக்கு நம்பிக்கை கூடிப்போச்சு. சரி, கேட்டுற வேண்டியதுதான். "எட்டு வருஷமா நின்னு கத்துறேன். ஒருத்தி வேண்டாம்னு வீசுனது வேண்டாம். எனக்குன்னு வேணும். எல்லாருக்கும் முன்னாடி குடுக்கணும்!"

மாமா மூஞ்சி வெளுத்துப் போச்சு. தெருவுல நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு. நெஞ்சு ஆபரேஷன் பண்ணுன மனுஷன்! எந்திரிச்சு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக்கிட்டு, தாரை தாரையா அழுதுக்கிட்டே சொன்னாரு. "குடுத்துர்றேன் தாயி. பெரிய மருமக பேருக்கே எழுதிர்றேன். கோவிச்சுக்காத தாயி, அறியாமப் பண்ணிட்டேன்."

சொன்னபடியே செஞ்சாரு, அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. காப்பு அவுத்த மறுவாரமே புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் எம் பேருக்கு மாத்துனாரு. கடைப் போர்டுல எம் பேரு வந்துருச்சு. கண்ணாடி ரூம்புல இருந்த நாற்காலியோட கவர அவரே கிழிச்சாரு. பூ கொண்டாற சனமெல்லாம், "அம்மனே வந்து கேட்டு வாங்கிக் குடுத்த கடை"ன்னு தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் கூடையவே எறக்குறாங்க. ஓரகத்தி பெங்களூர்லேருந்து போன் பண்ணி, "அக்கா, சாமியே ஒங்களுக்காகப் பேசுச்சாமே, குடுத்து வச்சவங்கக்கா நீங்க"ன்னா.

பொறுக்கமாட்டாம ஒரு நாளு மாமாகிட்ட உள்ளதச் சொன்னேன். "மாமா, அன்னைக்கு எனக்கு சாமியெல்லாம் வரல. நான்தான் கேட்டேன். நானாத்தான் கேட்டேன்."

மாமா சிரிச்சாரு. ரொம்பப் பிரியமாத்தான் சிரிச்சாரு. "சாமி வந்தவங்களுக்கு என்ன பேசுனோம்னு ஞாபகம் இருக்காதும்மா."

ஓரகத்தி மேல இப்ப எனக்கு எதுவும் இல்ல. அவ நல்லா இருக்கட்டும். எனக்கு வயிறு எரியிறதெல்லாம் அந்த அம்மன் மேலதான். வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனா நேருக்கு நேரா மூஞ்சியப் பாக்குறது இல்ல நான். எட்டு வருஷம் நான் நின்னு கேட்டேன். அம்மன் ஒரே ஒரு தடவதான் கேட்டுச்சு, மாமா குடுத்துட்டாரு.